தெற்குவாசல் பட்டறையும் அப்பாவின் டிரம் செட்டும்

தவிலும் மிருதங்கமும் பழுது பார்க்கிற பட்டறையில் டிரம் செட்டைக் கொடுக்கலாமா என்று கேட்டால், கொடுக்கலாம் என்பேன். ஆனால் எல்லோருக்கும் அது சரிப்படாது. எனக்கு ஏன் சரிப்பட்டது என்று சொல்வதற்கு அப்பாவைப் பற்றியும், அப்பா உயிராக நினைத்த ஒரு அமெரிக்க டிரம்மரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதலில் இடம். கடைக்குப் பெயர்ப் பலகை கிடையாது. மதுரை தெற்குவாசல் பக்கம் ஒரு சந்துக்குள், வாசல் திண்ணையில் பலாக்கட்டைகள் அடுக்கிய வீடு. டீக்கடையில் “தவில்காரர் வீடு” என்று கேட்டால் கை காட்டுவார்கள். கார் உள்ளே போகாது, ஆட்டோ போகும். மேலூர், திருமங்கலம், சோழவந்தான் பக்கத்து வாசிப்புக்காரர்கள் எல்லாம் இங்கேதான் மூட்டு, அதாவது தோல் போர்த்திய முகம், மாற்ற வருகிறார்கள். பெரியவருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். கூட அவர் மகன். வேறு ஆள் இல்லை.

இங்கே வருவதற்கு முன்னால் வேறொரு இசைக்கருவிக் கடைக்குப் போனேன். பெயர் வேண்டாம். அங்கிருந்த பையன் காலால் அடிக்கிற பெரிய டிரம்மை, அதாவது பேஸ் டிரம்மை, ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதுல செலவு பண்றது வேஸ்ட் மேடம், எக்ஸ்சேஞ்ச்ல புதுசு எடுத்துக்கங்க” என்றான். அதோடு விடவில்லை, உள்ளே ஒரு தலையணையைத் திணித்துக் காட்டி, “இப்படித்தான் இப்ப எல்லாரும் வாசிக்கிறாங்க” என்றான். தப்பாகச் சொல்லவில்லை, இன்றைக்கு மேடையில் அப்படித்தான் வைக்கிறார்கள். ஆனால் அப்பாவின் டிரம்முக்குள் எந்தக் காலத்திலும் தலையணை இருந்ததில்லை. அதை அங்கே விட்டுவர மனசு வரவில்லை.

அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. பகல் ஷிப்ட் மில்லில், ராத்திரி ஆர்கெஸ்ட்ராவில். கோயில் திருவிழா, கல்யாண ரிசப்ஷன், மாதா கோயில் திருநாள் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார். 1978-இல் இந்த செட் கல்கத்தாவிலிருந்து ரயில் பார்சலில் வந்தது. அதற்கு முன்பணம் கட்ட அத்தை தன் வளையல் இரண்டை அடகு வைத்துக் கொடுத்தார். அவற்றை மீட்க அப்பாவுக்கு ஒன்றரை வருஷம் ஆனது. அம்மா பழைய ஜமக்காளத்தைக் கிழித்து ஒவ்வொரு டிரம்முக்கும் உறை தைத்தார். நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட அந்த உறைகள் இன்னும் இருக்கின்றன.

ஜாஸ் என்ற அமெரிக்க இசை அப்பாவுக்கு ரேடியோ வழியாக வந்தது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியில் வில்லிஸ் கோனோவர் என்பவர் 1955-இலிருந்து 1996 வரை ஜாஸ் நிகழ்ச்சி நடத்தினார். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கும் புரியட்டும் என்று நிறுத்தி நிதானமாகப் பேசுவார். சிற்றலையில் இரைச்சலுக்கு நடுவே அந்தக் குரல் மதுரையில் ஒரு மில் தொழிலாளி வீட்டுக்கும் வந்து சேர்ந்தது. பாடியவர், வாசித்தவர் பெயரையெல்லாம் அப்பா ஒரு கோடு போட்ட நோட்டில் தமிழில் எழுதி வைப்பார். பாதிப் பெயர்கள் தப்பும் தவறுமாக இருக்கும். ஒன்று மட்டும் ஒவ்வொரு பக்கத்திலும் சரியாக இருக்கும்: எல்வின் ஜோன்ஸ்.

அப்பாவுக்கு அந்தப் பெயரும் ஓசையும்தான் தெரியும். மற்றதை நான் அவர் போன பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். படித்ததை அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன்.

எல்வின் 1927 செப்டம்பர் 9-ஆம் தேதி அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்துப் பான்டியாக்கில் பிறந்தவர். கார் தொழிற்சாலை ஊர் அது. அவர் அப்பாவும் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை பார்த்தவர்தான். பத்துப் பிள்ளைகளில் இவர் கடைக்குட்டி. ஒரு அண்ணன் ஹேங்க் பியானோவிலும் இன்னொரு அண்ணன் தேட் டிரம்பெட்டிலும் பேர் வாங்கியவர்கள். ராணுவத்தில் மூன்று வருஷம் இருந்துவிட்டு 1949-இல் வெளியே வந்த எல்வின், அக்காவிடம் 35 டாலர் கடன் வாங்கித் தன் முதல் டிரம் செட்டை வாங்கினார். இந்த இடம் வந்ததும் அம்மா என்னை நிறுத்தச் சொன்னார். அத்தைக்கு போன் போட்டு அந்த ஒரு வரியை மட்டும் திரும்ப வாசிக்க வைத்தார். அத்தைக்கு எழுபத்தெட்டு வயது. “எங்க அண்ணனுக்கு இது தெரியுமா?” என்று கேட்டார். தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

1960-இல் எல்வின் சாக்ஸபோன் மேதை ஜான் கோல்ட்ரேனின் குழுவில் சேர்ந்தார். பியானோவில் மெக்காய் டைனர், டபுள் பேஸ் என்ற பெரிய தந்திக் கருவியில் கொஞ்சம் பின்னால் வந்து சேர்ந்த ஜிம்மி கேரிசன். நாலு வருஷம் போல அந்த நால்வர் வாசித்ததைத்தான் உலகம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது. 1964 டிசம்பர் 9 அன்று நியூ ஜெர்சியில் ருடி வான் கெல்டரின் ஸ்டுடியோவில் ‘எ லவ் சுப்ரீம்’ பதிவானது. நால்வரும் அதை ஒரே அமர்வில் வாசித்து முடித்தார்கள். தொடக்கத்தில் கேட்கும் அந்தப் பெரிய மணியோசை எல்வின் தட்டியது. மூன்றாம் பகுதி அவருடைய தனி வாசிப்பில்தான் ஆரம்பிக்கும். துபாயில் இருந்த சித்தப்பா அதன் கேசட்டைக் கொண்டுவந்து கொடுத்தபோது எனக்கு எட்டு வயது. அப்பா அந்தத் தனியை மட்டும் சுற்றிச் சுற்றிக் கேட்பார். நாடா நைந்து ஓசை உள்ளே போகிற வரைக்கும் கேட்டார்.

அவர் வாசிப்பில் என்ன இருக்கிறது என்று அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தது மீனாட்சி கோயிலில்தான். ராத்திரி பள்ளியறை பூஜைக்குச் சொக்கர் பல்லக்கு போகும்போது நாதஸ்வரமும் தவிலும் கூடப் போகும். அப்பா என் உள்ளங்கையில் ‘தகிட தகிட’ என்று தட்டிக்கொண்டே நடப்பார். ஜாஸின் நடையும் உள்ளுக்குள் திஸ்ரம்தான், அதாவது மூன்று மூன்றாகப் போகிற நடை. சிம்பலில் ‘டிங், டிங்-க-டிங்’ என்று கேட்கிறதே, அதில் மூன்றில் முதல் அட்சரமும் கடைசி அட்சரமும் காதில் விழும், நடுவில் உள்ள ‘கி’ சும்மா கடந்து போகும். எல்வின் அந்தக் ‘கி’யைப் பிடித்துக்கொண்டார். இடது கையில் கொஞ்சம், காலில் கொஞ்சம் என்று நாலு உறுப்புக்கும் அதைப் பிரித்துக் கொடுத்தார். அதனால் அவர் வாசிக்கும்போது தாளம் நேர்கோட்டில் போகாது, சுழன்று சுழன்று வரும். வாசிக்கும்போது வாய்விட்டு முனகுவார், அதுகூட இசைத்தட்டில் கேட்கும்.

அப்பா மதுரையில் ஒரு ஜாஸ் கச்சேரி கூட வாசித்தது கிடையாது. வாய்ப்பே இல்லை. ஆனால் நம் சினிமாப் பாட்டில் ஆறெட்டு நடைக்கா பஞ்சம்? அதிலெல்லாம் அப்பா அந்தக் ‘கி’யை நுழைத்துவிடுவார். மாஸ்டர் திரும்பி முறைப்பார். சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்கும் முந்தைய ராத்திரி ஒரு தெருமுனை மேடையில் அப்பா வாசித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. விடிய விடியக் கூட்டம் போய்க்கொண்டே இருந்தது. மூன்று மணி வாக்கில் மேடை முன்னால் நின்று ஆடிய இளவட்டங்கள் பாட்டு முடிந்தும் நகரவில்லை, “அண்ணே, அதையே இன்னொரு தடவை” என்றார்கள். பாடகர் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். அப்பா தனியாக நாலைந்து நிமிஷம் வாசித்தார். ஜாஸ் டிரம்மராக அவருக்குக் கிடைத்த மேடை அது ஒன்றுதான்.

1985-இல் ரோலண்ட் கம்பெனியின் ஆக்டாபேட் வந்தது. நம் ஊர்க் கச்சேரிகளுக்கு அது வந்துசேரச் சில வருஷம் ஆனது. எட்டு ரப்பர் சதுரம் உள்ள ஒரு பெட்டி, தபேலாவும் டிரம்மும் டோலக்கும் எல்லாம் அதிலேயே. வேனில் இடம் மிச்சம், ஆள் கூலி மிச்சம். அப்பாவையும் பேட் பழகச் சொன்னார்கள். பழகிப் பார்த்தார். “அடிச்சா திரும்ப எதுவும் சொல்ல மாட்டேங்குதுடா” என்று என்னிடம் சொன்னார். 1999-க்குப் பிறகு அவர் மேடை ஏறவில்லை. ராத்திரியில் தலையணையை மடியில் வைத்துக் குச்சியால் வாசிப்பார். 2016-இல் போய்ச் சேர்ந்தார். செட் பரணில் ஏறியது.

போன மாசி மாதம் இறக்கினேன். நிலைமை மோசம். பரணில் மழை ஒழுகி, பேஸ் டிரம்மின் மர வளையம் வளைந்து போயிருந்தது. திருகாணிகள் எல்லாம் துரு. ஸ்நேர் டிரம்மின் அடியில் இழுத்துக் கட்டிய கம்பிகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. கால் பெடலின் தோல்வார் அறுந்திருந்தது. பெரிய சிம்பலின் ஓரத்தில் ஒன்றரை அங்குல விரிசல்.

தவில்காரர் வீட்டுத் திண்ணையில் எல்லாவற்றையும் இறக்கி வைத்தேன். பெரியவர் தொடவே இல்லை. ஜமக்காள உறையைத்தான் முதலில் கையில் எடுத்துத் தையலைப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: “அப்பா எப்படி வாசிப்பாரும்மா? அவர் டிரம் எந்தக் கட்டையில, எந்தச் சுருதியில பேசும்?”

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. செல்போனில் எல்வினின் அந்தத் தனியைப் போட்டுக் காட்டினேன். இவரை மாதிரி வாசிக்கத்தான் அப்பா ஆசைப்பட்டார் என்றேன். பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தட்டத் தொடங்கினார். இரண்டாவது தடவை கேட்கும்போது தலையை ஆட்டினார். “திஸ்ரத்துல பேசுறாரு. நடு எழுத்தை விட மாட்டேங்குறாரு பாருங்க.” பிறகு பேஸ் டிரம்மைக் காட்டி, “இதை அடைச்சு வச்சா அந்தச் சத்தம் வராது. தொப்பி மாதிரி திறந்து விடணும்” என்றார். தொப்பி என்பது தவிலில் கனத்த ஓசை தரும் பக்கம்.

அவருக்கு எல்வின் யார் என்று தெரியாது. எல்வின் கோல்ட்ரேனோடு வாசித்த காலத்தில் 18 அங்குலச் சின்ன பேஸ் டிரம் வைத்திருந்தார், அதை அடைக்காமல் முழங்க விட்டார். அதைப் படிக்காமலே ஒருவர் காதால் கண்டுபிடித்துச் சொன்னார். இந்தப் பட்டறைக்கு நான் மார்க் போடுவதெல்லாம் இந்த இடத்துக்குத்தான். தட்டிப் பார்க்கும் முன்னால் கேட்டார்.

இனி வேலை. பிளாஸ்டிக் தோல் போடலாமா, ஆட்டுத்தோல் போடலாமா என்று அவரே கேட்டார். எனக்கு முதலில் தயக்கமாக இருந்தது. யோசித்துப் பார்த்தால், ரெமோ பெல்லி 1957-இல் பிளாஸ்டிக் தோலைக் கடைக்குக் கொண்டுவருவதற்கு முன்னால் அமெரிக்காவிலும் டிரம்மர்கள் கன்றுத்தோலில்தான் வாசித்தார்கள். எல்வின் பழகிய காலமும் அதுதான். சரி, தோலே போடுங்கள் என்றேன்.

தோலை ஒரு ராத்திரி தண்ணீரில் ஊற வைத்தார்கள். மறுநாள் மர வளையத்தைச் சுற்றி உள்பக்கமாக மடித்துச் செருகி, டிரம் மேல் உட்கார்த்தி, திருகாணியை லேசாக மட்டும் முடுக்கி, நிழலில் காய விட்டார்கள். வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும் என்று மகன் சொன்னார். மதுரை பங்குனி வெயிலில் நிழலிலேயே இரண்டு நாளில் காய்ந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் சுருதி. எதிரெதிர்த் திருகாணிகளை மாற்றி மாற்றிக் கால் சுற்று, அரைச் சுற்று என்று முடுக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் விரலால் சுண்டிப் பார்த்து, எட்டும் ஒரே குரலில் பேசும் வரைக்கும் விடவில்லை. ஒரு டாம் டிரம்முக்கு மட்டும் முக்கால் மணி நேரம் ஆனது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன்.

பெடலுக்கு எருமைத்தோலில் புது வார் வெட்டிப் போட்டார். அது அவருக்குக் கைவந்த வேலை, பழைய வாரைவிட நன்றாகவே இருக்கிறது. வளைந்த மர வளையத்தை ஈரப்படுத்திக் கயிறு கட்டி ஒரு வாரம் வைத்து நிமிர்த்தினார். முழுக்க நிமிரவில்லை, கொஞ்சம் கோணல் இருக்கிறது. வாசிப்புக்குப் பாதகம் இல்லை.

உலோக வேலை அங்கே கிடையாது. சிம்பலை மகன் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப் போய், விரிசல் முடிகிற இடத்தில் சின்னத் துளை போட்டுக் கொண்டுவந்தார். துளை போட்டால் விரிசல் மேலே ஓடாது. ஓசை பழையபடி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நல்ல ஜாஸ் சிம்பல் என்பது எண்பது பங்கு செம்பும் இருபது பங்கு வெள்ளீயமும் சேர்ந்த வெண்கலம். அப்பாவால் வாங்க முடிந்தது பித்தளை. அது அப்போதே சீக்கிரம் அடங்கும், இப்போது இன்னும் சீக்கிரம் அடங்குகிறது. ஸ்நேரின் அடித்தோல் மிக மெல்லியதாக இருக்க வேண்டும், அதற்கு ஏற்ற தோல் தன்னிடம் இல்லை என்று பெரியவரே சொல்லிவிட்டார். சென்னையிலிருந்து பிளாஸ்டிக் தோலும் அடிக்கம்பியும் நான் வரவழைத்துக் கொடுத்தேன்.

குறை என்றால் நேரம்தான். மூன்று வாரம் என்றார்கள், ஏழு வாரம் ஆனது. பங்குனி, சித்திரை இரண்டும் கோயில் திருவிழாவும் முகூர்த்தமும் சேர்ந்து வருகிற மாதம். தவில்காரர்கள் வாசலில் காத்து நிற்பார்கள், அவர்களுக்கு மறுநாள் கச்சேரி இருக்கும். அவர்கள் வேலை முதலில் நடப்பது நியாயம், அதில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தாமதமாகும் என்று ஒரு போன் போட்டிருக்கலாம். நானாக நாலு தடவை போய்த்தான் தெரிந்துகொண்டேன். ரசீது கிடையாது, ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்கு எழுதித் தருவார்கள். எல்லாம் சேர்த்து 7,600 ரூபாய் ஆனது. லேத் கூலி அதில் அடக்கம், சென்னையிலிருந்து வந்த சாமான் தனி. செய்த வேலைக்கு இது அதிகம் என்று நான் நினைக்கவில்லை.

வாரத்துக்கு மூன்று மேடை ஏறுகிறவர்கள் இங்கே தோல் போட்டுக்கொள்ள வேண்டாம். தோலின் சுருதி வெயிலில் ஏறும், மழையில் இறங்கும். ஒவ்வொரு தடவையும் திருகாணி முடுக்கும் சாவியோடு கால் மணி நேரம் உட்கார வேண்டும். முதல் பத்து நாள் வீட்டில் தோல் வாடையும் இருக்கும். பெடல் வார், வளையம், பழைய கட்டை என்றால் யாரும் தாராளமாகப் போகலாம்.

செட் வீட்டுக்கு வந்த அன்று அத்தையும் வந்தார். நான் கொஞ்சம்தான் வாசிப்பேன், அப்பா சொல்லிக் கொடுத்த அளவுக்கு. சிம்பலில் நடையைப் பிடித்து, இடது கையில் அந்தக் ‘கி’யை மெதுவாக வைத்தேன். பிளாஸ்டிக்கில் வருகிற பளிச்சென்ற சத்தம் இல்லை. குச்சி தோலில் விழும்போது கொஞ்சம் உள்ளே போய்த் திரும்புகிறது. அடித்தால் திரும்பப் பேச வேண்டும் என்று அப்பா சொன்னது இதைத்தான் என்று கைக்குத் தெரிந்தது. அத்தை எதுவும் பேசாமல் பேஸ் டிரம்மின் மேல் உள்ளங்கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

எல்வினின் மனைவி கெய்கோ ஜப்பானில் பிறந்தவர். கணவர் மேடை ஏறும் முன்னால் டிரம்களை அடுக்கிச் சுருதி சேர்ப்பது அவர்தான். கடைசி மாதங்களில் எல்வின் ஆக்சிஜன் உருளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தபோதும் கெய்கோ கூடவே இருந்தார். 2004 மே 18-இல் நியூ ஜெர்சியில் எல்வின் இறந்தபோது அவருக்கு வயது 76. இதை அம்மாவுக்கு நான் வாசித்துக் காட்டியபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்றைக்கு நான் வாசித்து முடித்ததும் அம்மா அடுப்படியிலிருந்து ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். “பெரியதை இன்னொரு தடவை அடி” என்றார். அடித்தேன். “ஏறி நிக்குது. அப்பா வைக்கிறது இதுக்குக் கொஞ்சம் கீழே.” சாவியை வாங்கினார். எதிரெதிராக நாலு திருகாணியைக் கால் சுற்று இறக்கினார். அடிக்கச் சொன்னார். இன்னும் கொஞ்சம் இறக்கினார். அம்மாவுக்குச் சாவி பிடிக்கத் தெரியும் என்பது எனக்கு நாற்பத்திரண்டு வயதில்தான் தெரிந்தது. கச்சேரிக்குக் கிளம்பும் முன்னால் அப்பா சுருதி பார்க்கும்போது தூரத்தில் நின்று கேட்டுச் சொன்னது இவர்தானாம்.

பெரியவர் வைத்த சுருதியை மாற்றிவிட்டோமே என்று அவர் மகன் நம்பருக்குக் குரல் செய்தி அனுப்பினேன். சாயங்காலம் பெரியவரே பேசினார். “அம்மா சொன்னா அதான் சரி. அப்படியே இருக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்னாடி ஒரு தடவை கொண்டு வாங்க, வரும்போது அம்மாவையும் கூட்டிட்டு வாங்க.”